தட்டை உலகில் ஒரு கப்பல் – அத்தியாயம் 6: வானம் சொன்ன சாட்சி

முன்கதை: கி.பி. ஆறாம் நூற்றாண்டு. அலெக்சாந்திரியா நகரத்து வணிகர் காஸ்மாஸ் செங்கடலைத் தாண்டி இந்தியாவை நோக்கிப் போகிறார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கொம்பை நெருங்கும்போது வானிலை கெடுகிறது. பருந்தைப்போல் இரு மடங்குக்கும் பெரிய பறவைகள் கூட்டமாய் வந்து கப்பலைத் தொடர்கின்றன. அவற்றைப் பார்த்ததும் கடலில் பழம் தின்று கொட்டை போட்ட மாலுமிகளே நடுங்குகிறார்கள்.

*

பறவையைக் கண்டு மாலுமி ஏன் நடுங்க வேண்டும்?

நடுக்கடலில் தலைக்கு மேல் ஒரு பறவை தெரிந்தால் மாலுமிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கும். கரை பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். இந்தப் பறவை அப்படியல்ல. சூஸ்ஃபா என்று அதன் பெயரைக் குறித்துவைத்திருக்கிறார் காஸ்மாஸ். ஆல்பட்ராஸாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. சூஸ்ஃபா வந்தால் கரை பக்கம் என்று பொருளில்லை, மகாசமுத்திரத்தின் வாய் பக்கம் என்று பொருள்.

காஸ்மாஸ் பிற்பாடு எழுதிய உலகக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பயம் நமக்குப் புரியும். அவருடைய பூமி நீள்சதுரமான ஒரு தட்டை நிலம். கிழக்கிலிருந்து மேற்கே 400 நாள்நடை, வடக்கிலிருந்து தெற்கே 200 நாள்நடை. ஒரு நாள்நடைக்கு 30 மைல். அந்த நிலத்தை நாற்புறமும் சுற்றி ஓடுவது மகாசமுத்திரம். அதிலிருந்து நான்கு வளைகுடாக்கள் உள்ளே நுழைகின்றன: மத்தியதரைக் கடல், செங்கடலை உள்ளடக்கிய அரபு வளைகுடா, பாரசீக வளைகுடா, காஸ்பியன். மனிதர்கள் கப்பல் விடக்கூடியது இந்த நான்கில் மட்டுமே. மகாசமுத்திரத்துக்குள் போனவன் திரும்புவதில்லை. உலகத்தின் விளிம்பிலிருந்து கீழே விழுந்துவிடுவான் என்பதல்ல காரணம். நம் பள்ளிப் பாடங்களில் வரும் அந்தக் கதை காஸ்மாஸிடம் இல்லை. நீரோட்டமும் மூடுபனியும் அவனை விழுங்கிவிடும். மகாசமுத்திரத்துக்கு அப்பால் இன்னொரு நிலம் இருக்கிறது. ஏதேன் தோட்டம் அங்கேதான். வெள்ளத்துக்கு முன் மனிதர்கள் வாழ்ந்ததும் அங்கேதான். நோவாவின் பேழை அந்த நீரைக் கடந்துதான் நம் பக்கம் வந்து சேர்ந்தது. அந்த அக்கரை நிலத்தின் ஓரங்களில் வானத்தின் நான்கு சுவர்கள் எழுந்து மேலே வளைந்து மூடுகின்றன. மொத்தப் பிரபஞ்சமும் வளைந்த மூடி போட்ட ஒரு பெட்டி.

இந்தப் பெட்டிக்குள்தான் அந்தக் கப்பல் தத்தளித்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் மகாசமுத்திரம். அங்கிருந்து மலைபோல் அலைகள் வளைகுடாவுக்குள் புகுகின்றன. வளைகுடாவின் நீரோட்டமோ கப்பலை வெளியே இழுக்கிறது. பயணிகளும் மாலுமிகளும் ஒன்றாகச் சுக்கான் பிடித்தவனைப் பார்த்துக் கத்துகிறார்கள்: இடப்பக்கம் திருப்பு, வளைகுடாவுக்குள் போய்விடு, இல்லாவிட்டால் தொலைந்தோம்.

கப்பல் திரும்பியது. பறவைகள் உடனே விட்டுவிடவில்லை. உயரத்தில் பறந்தபடி தொடர்ந்து வந்தன. காஸ்மாஸ் பிழைத்தார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய நூலே சான்று.

அன்று அந்தக் கப்பலைக் காத்தது எது? சுக்கான் பிடித்தவனின் கை. அந்தக் கைக்கு வழிகாட்டியது அவனுடைய அனுபவம், காற்று, கரையின் சாயல், இரவில் வானம். அந்த வானம் ஒவ்வோர் இரவும் ஒரு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. காஸ்மாஸ் பிற்காலத்தில் எழுதிய ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரான சாட்சி.

*

அலெக்சாந்திரியாவில் பிறந்தவனுக்கு வடதுருவப் புள்ளி அடிவானத்திலிருந்து 31 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்தப் புள்ளியை ஒட்டி இன்றுபோல் பிரகாசமான நட்சத்திரம் ஏதும் அன்று இல்லை. நாம் துருவ நட்சத்திரம் என்று காட்டுவது அந்நாளில் எட்டு டிகிரிக்கும் மேல் விலகி நின்று, தானும் வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஆகவே, வடக்கைச் சுற்றும் விண்மீன்களின் வட்டத்தைப் பார்த்து அதன் நடுவை மனத்தால் குறித்துக்கொள்ள வேண்டும். மாலுமிகளுக்கு அது கைவந்த கலை.

தெற்கே போகப் போக அந்த நடுப்புள்ளி இறங்கும். காஸ்மாஸ் வந்து தங்கிய அதூலிஸ் துறைமுகம் இன்றைய எரித்திரியக் கரையில் இருக்கிறது. அங்கே 15 டிகிரி. கப்பல் தத்தளித்த ஆப்பிரிக்கக் கொம்பின் முனையில் 12. இலங்கையின் மாந்தைத் துறையில் 9.

இதற்கு எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாம் அகத்திய நட்சத்திரம் என்று சொல்லும் கனோபஸ் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தில் எழுவதே இல்லை. ரோட்ஸ் தீவில் அடிவானத்தை உரசிவிட்டு மறைந்துவிடும். அலெக்சாந்திரியாவில் ஆறேழு டிகிரி எழும். ஆப்பிரிக்கக் கொம்பில் 25 டிகிரிக்கு ஏறி நின்று தெற்கு வானத்தையே ஆளும். கிளாடியஸ் பேரரசர் காலத்தில் இலங்கையிலிருந்து ரோமுக்குப் போன தூதர்கள், இந்த நட்சத்திரம் தங்கள் ஊரில் இரவுகளைப் பிரகாசமாக்குகிறது என்று சொன்னதைப் பிளினி பதிவுசெய்திருக்கிறார். கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ், ரோட்ஸிலும் அலெக்சாந்திரியாவிலும் இந்த ஒரே விண்மீனின் உயரத்தை ஒப்பிட்டே பூமியின் சுற்றளவைக் கணக்கிட முயன்றார். அவர் வாழ்ந்தது காஸ்மாஸுக்கு 600 ஆண்டுகளுக்கு முன்.

இவையெல்லாம் தட்டை உலகிலும் நடக்கக்கூடியவைதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காமல் போட்டுப் பார்த்துவிடுவோம்.

தெருவிளக்கிலிருந்து விலகி நடந்தால் விளக்கு தாழ்ந்துகொண்டே வரும். தட்டை நிலத்தின் வடகோடியில், ஏதோ ஓர் உயரத்தில் ஒரு விண்மீன் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவும் இப்படித்தான் தாழும். ஆனால் தாழும் வேகம் மாறுபடும். விளக்குக்குப் பக்கத்தில் நாலு அடி வைத்தாலே மளமளவென்று இறங்கும். தூரம் போன பிறகு எவ்வளவு நடந்தாலும் இறங்குவது கண்ணுக்கே தெரியாது. ஒருபோதும் தரையைத் தொடாது.

இப்போது அலெக்சாந்திரியாவின் 31 டிகிரியையும், நைல் நதிக்கரையில் அதற்குத் தெற்கேயுள்ள சையீனின் 24 டிகிரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வடக்கு-தெற்காக சுமார் 790 கிலோமீட்டர். பூமி தட்டை என்றால் இந்த இரண்டு அளவுகளே போதும், அந்த வடக்கு விளக்கின் உயரம் தெரிந்துவிடும்: சுமார் 1,350 கிலோமீட்டர். அதே கணக்கைத் தெற்கே நீட்டினால் அதூலிஸில் 18 டிகிரிக்கு மேல் வர வேண்டும். உண்மையில் வருவது 15. மாந்தையில் 16 வர வேண்டும், வருவது 9. ஏழு டிகிரி வித்தியாசம்! பிற்கால அரபு மாலுமிகள் கையை நீட்டி விரல் அகலத்தால் விண்மீன் உயரத்தை அளந்தார்கள். அந்த விரலுக்கு இஸ்பா என்று பெயர், ஒன்று ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. அந்தக் கணக்கில் நான்கு விரலுக்கு மேல் பிழை. கருவியே இல்லாதவன் கண்ணிலும் படக்கூடிய பிழை இது.

வானம் அப்படிக் கூடிக் குறைந்து இறங்குவதில்லை. ஏறக்குறைய 111 கிலோமீட்டருக்கு ஒரு டிகிரி, எங்கே அளந்தாலும் அதே கணக்கு. உருண்டையின் மேல் நகர்கிறவனுக்கு மட்டுமே இப்படி அமையும். கனோபஸோ அதைவிடப் பிடிவாதமான சாட்சி. தட்டை நிலத்தில் அது எந்த ஊருக்கும் மறையக் கூடாது. தாழ்ந்து தெரியலாம், தெரியாமல் போகக் கூடாது. கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அதை மறைப்பது எது?

காஸ்மாஸிடம் பதில் இல்லாமல் இல்லை. அதுதான் இந்த மனிதரை நான் லேசில் விட முடியாமல் இருப்பதற்குக் காரணம். பூமி வடக்கிலும் மேற்கிலும் உயர்ந்து, தெற்கிலும் கிழக்கிலும் சாய்ந்து கிடக்கிறது என்றார். டைகிரிஸும் யூப்ரடீஸும் தெற்கே பாய்வதால் விரைந்து ஓடுகின்றன; நைல் வடக்கே மேடேற வேண்டியிருப்பதால் மெதுவாகப் போகிறது. வடகோடியில் கூம்பு வடிவில் ஒரு பெருமலை. சூரியன் மாலையில் அதன் பின்னால் போவதுதான் இரவு. கோடையில் மலையின் குறுகிய உச்சிக்குப் பின்னால் போவதால் இரவு குறுகுகிறது. குளிர்காலத்தில் அகன்ற அடிவாரத்தைச் சுற்றுவதால் இரவு நீள்கிறது. விண்மீன்களைத் தூக்கிச் சுமப்பவர்கள் தேவதூதர்கள்.

ஒன்றுக்கொன்று பொருந்தும் உலகம்தான் இது. கதையாசிரியன் ஒருவன் கட்டினால் கொண்டாடலாம். ஆனால் அவர் கதை எழுதவில்லை.

*

இதே மனிதர் துறைமுகங்களைப் பற்றி எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். மலபார் கரையில் மிளகு ஏற்றும் ஐந்து துறைகளைப் பெயர் சொல்கிறார்: பார்த்தி, மங்கரூத், சலோபட்டனா, நலோபட்டனா, புதுபட்டனா. இலங்கைக்கு அப்பால் சங்கு ஏற்றுமதியாகும் மரல்லோவையும், அதையடுத்துக் கபேர் என்ற துறையையும் குறிக்கிறார். கபேர் நம் காவிரிப்பூம்பட்டினம்தான் என்பது பலருடைய முடிவு. சீனத்துப் பட்டு தரைவழியாகப் பாரசீகத்துக்கு எவ்வளவு விரைவில் போய்விடுகிறது, கடல்வழி எவ்வளவு சுற்று என்பதும் அவருக்குத் தெரியும். அதூலிஸில் ஒரு பளிங்குச் சிம்மாசனத்திலும் அதன் பின்னிருந்த கல்லிலும் பழைய கிரேக்க எழுத்துகள் இருந்தன. எத்தியோப்பியாவின் ஆக்சூம் மன்னருக்காக அவற்றைப் படியெடுத்துத் தரும்படி ஊர் ஆளுநர் கேட்க, மேனாஸ் என்ற துணைவருடன் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார். அந்தக் கற்கள் பிறகு காணாமற்போயின. எகிப்தின் மூன்றாம் டாலமி மன்னனைப் பற்றி அவற்றில் ஒன்று சொன்ன செய்தி உலகுக்குக் கிடைத்தது காஸ்மாஸின் படியால்தான்.

கல்வெட்டை எழுத்து பிசகாமல் படித்த கண், வானத்தை மட்டும் எப்படித் தவறவிட்டது?

தவறவிடவில்லை, அளந்தார் என்பதுதான் வேடிக்கையிலும் வேதனை. ஆக்சூம் நகரம் இருக்கும் இடத்தில் ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். மனிதனின் நிழல் தெற்கே விழும். அலெக்சாந்திரியாவில் ஆயுள் முழுக்க இருந்தாலும் பார்க்க முடியாத காட்சி. ஊருக்கு ஊர் மாறும் நிழலின் நீளத்தைத் தன் வாதத்துக்கு ஆதாரமாக வைத்தார் காஸ்மாஸ். பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் பூமியை அளந்ததும் இதே நிழலை வைத்துத்தான், அதே அலெக்சாந்திரியாவில். சூரியன் வெகுதூரத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், ஊருக்கு ஊர் நிழல் மாறுவது பூமி வளைந்திருப்பதால். பூமி தட்டை என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டால், அதே நிழல் சூரியனைத் தரைக்கு அருகில் கொண்டுவந்து சிறிதாக்கிவிடும். காஸ்மாஸ் இரண்டாவது வழியில் போனார். சூரியனின் அளவு பூமியின் இரண்டு மண்டலங்களுக்கு மேல் இல்லை என்று எழுதினார். ஒரே நிழல், ஒருவருக்குப் பூமியின் சுற்றளவைத் தந்தது, இன்னொருவருக்குச் சூரியனைச் சுருக்கித் தந்தது.

நிழலை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. விண்மீன்கள் வேண்டும். இங்கேதான் அவர் கப்பலின் சுக்கானி நினைவுக்கு வருகிறார். பெயர் தெரியாத அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஆனால் சுக்கானிக்கு உலகத்தின் வடிவம் தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் சோழமண்டலக் கரை மாலுமிகள் கையாண்ட ராப்பலகையை எடுத்துக்கொள்வோம். 1850இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் சென்னையில் வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் அதை விவரித்திருக்கிறார். சின்னதொரு பலகை, நடுவே துளை, அதில் முடிச்சுகள் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை நீட்ட வேண்டும். கீழ்விளிம்பு கடலும் வானும் சேரும் கோட்டில், மேல்விளிம்பு வடக்கு விண்மீனில். எந்த முடிச்சில் இரண்டும் பொருந்துகின்றனவோ, அந்த முடிச்சுக்கான ஊரின் நேருக்கு வந்துவிட்டோம். பிறகு கரையை நோக்கித் திருப்பினால் துறை வந்துவிடும். பூமி உருண்டையானாலும் தட்டையானாலும், போன முறை அதே ஊரில் போட்ட முடிச்சு இந்த முறையும் பொய் சொல்லாது. முடிச்சுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளை ஒருவன் உட்கார்ந்து யோசித்தால் மட்டுமே உலகத்தின் வடிவம் வெளிப்படும்.

அந்தக் கடலின் மறுகரையில் ஒருவர் அப்படி யோசித்து முடித்திருந்தார். 499இல், தன் 23ஆம் வயதில், ஆரியபட்டர் பூமி உருண்டை என்றார். அத்தோடு விடாமல் அது சுழல்கிறது என்றார். ஓடத்தில் போகிறவனுக்குக் கரையிலுள்ளவை பின்னால் போவதாகத் தெரிவதுபோலத்தான் விண்மீன்கள் மேற்கே ஓடுவதாகத் தெரிகின்றன என்பது அவர் சொன்ன விளக்கம். நம் பக்கமும் மேருமலையை நடுவில் வைத்து, சூரியன் அதைச் சுற்றுவதாகச் சொன்ன புராணத் தட்டை உலகம் இருக்கத்தான் செய்தது. இரண்டு கரைகளிலும் ஒரே வழக்கு, ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்துகொண்டிருந்தது.

*

அப்படியானால் காஸ்மாஸின் கண்ணை மறைத்தது யார்?

அவரே பெயர் சொல்கிறார்: பாத்ரிகியோஸ். பாரசீகத்திலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு வந்த அறிஞர். சிரியாக் மொழியில் அவர் பெயர் மார் ஆபா. பிற்காலத்தில், 540இல், பாரசீகத் திருச்சபைக்கே தலைவரானவர். மோப்சுவெஸ்தியாவின் தியோடர் என்ற பழைய ஆயரின் போதனையை அவர் கையோடு கொண்டுவந்தார். மோசே பாலைவனத்தில் எழுப்பிய ஆசரிப்புக் கூடாரம் பிரபஞ்சத்தின் மாதிரி. கூடாரத்துக்குள் இருந்த மேசை பூமியின் மாதிரி. மேசை நீளத்தில் அகலத்தைப்போல் இரு மடங்கு. ஆகவே பூமியும் அப்படியே. 400 நாள்நடை, 200 நாள்நடை என்ற கணக்கு எங்கே போய்ப் பொருந்துகிறது பாருங்கள்! சீனம்வரை வணிகப் பாதைகளைக் கேட்டறிந்த மனிதர், அந்தத் தூரங்களையெல்லாம் ஒரு மேசையின் அளவுக்குள் அடக்கிக்கொண்டார்.

ஊர் சுற்றி ஓய்ந்த பிறகு, 547ஆம் ஆண்டை ஒட்டி, அவர் எழுத உட்கார்ந்தார். உடம்பு நலிந்திருந்தது. கண் நோவும் வயிற்று உபாதையும் படுத்துகின்றன, முறையான கல்வி இல்லை, சொல்லழகு வராது என்று தானே ஒளிக்காமல் சொல்கிறார். ஜெருசலேமைச் சேர்ந்த பாம்ஃபிலஸ் என்ற நண்பர் விடாமல் வற்புறுத்தியதால் எழுதினார். நம்பியதை உயிரைக் கொடுத்து எழுதினார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நூலுக்குப் படங்களும் உண்டு. கையெழுத்துப் பிரதிகளில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம்: மூடி வளைந்த பெட்டிக்குள் கூம்பு மலை, அதன் ஒரு புறம் எழும் சூரியன், மறுபுறம் விழும் சூரியன். இன்னொரு படத்தில் பந்தளவு பூமி. அதன்மேல் நாலு பக்கமும் கால் ஊன்றி நாலு மனிதர்கள். பூமியின் மறுபக்கத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பவர்களைப் பரிகசிக்க வரைந்த படம் அது. ஒருவன் தலைகீழாக நிற்க, மழை எப்படி அவன்மேல் மேல்நோக்கிப் பெய்யும் என்று கேட்கிறார்.

நூலின் முதல் பகுதி முழுக்க ஒரே குறி. சிலை வணங்குவோரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அவர்கள் வானம் உருண்டை என்பதில் வியப்பென்ன? அவர் கொதித்தது, கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டே உருண்டை வானத்தை ஏற்பவர்கள் மீது. இரண்டு வேடம் போடுகிறவர்கள் என்று சாடுகிறார். பெயர் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் யாரைச் சாடினார் என்று ஆய்வாளர்கள் ஒரு பெயரைச் சுட்டுகிறார்கள். அவர் இருந்ததும் அதே அலெக்சாந்திரியா. அவரும் கிறிஸ்தவர். அரிஸ்டாட்டிலைக் கரைத்துக் குடித்தவர். அதே அரிஸ்டாட்டிலோடு மோதியவரும்கூட. கனமான கல்லையும் லேசான கல்லையும் ஒரே உயரத்திலிருந்து போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தரைக்கு வரும் என்று, கலிலியோ பிறப்பதற்கு 1,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர். பெயர் ஜான் ஃபிலோபோனஸ்.

அவரும் பேனாவை எடுத்தார். குறி காஸ்மாஸ் அல்ல. காஸ்மாஸின் ஆசானுக்கும் ஆசானான தியோடர். அடிமரத்திலேயே கோடரி வைக்கும் வேலை. அதற்காக அவர் கையில் எடுத்த நூல் வானியலாளர் தாலமியுடையதும் அல்ல, அரிஸ்டாட்டிலுடையதும் அல்ல.

காஸ்மாஸ் எந்த மோசேயை நம்பித் தன் பெட்டியைக் கட்டினாரோ, அதே மோசேயைத் தன் பக்கத்துச் சாட்சியாக அழைத்தார் ஃபிலோபோனஸ்.

(தொடரும்)